ஜங்ஷன் வரைக்கும் ஒரு மூச்சு

கல்லிடைக்குறிச்சி,
ஐப்பசிக் கடைசி.

அன்புள்ள கோமதி,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பதில் எழுதாததற்குச் சோம்பல் காரணமில்லை, உட்கார முடியவில்லை. இதையும் முழங்காலுக்கடியில் தலையணை வைத்துப் படுத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். எழுத்து கோணினால் பொறுத்துக்கொள். ஊரில் மழை பிடித்துக்கொண்டது. பிசான நெல்லுக்கு நாற்றுப் பாவியாகிவிட்டது, ஆற்றில் செந்தண்ணீர் போகிறது. வேறு விசேஷம் இல்லை.

மூட்டு ஆபரேஷனை நினைத்தாலே நடுச்சாமத்தில் விழிப்பு வந்து நெஞ்சு படபடக்கிறது என்று எழுதியிருந்தாய். ‘உனக்கென்ன, நீ தைரியசாலி’ என்று ஒரு வரி வேறு. அந்தத் தைரியசாலி போன மாதம் அடித்த கூத்தைக் கேள்.

இடுப்பில் தொடங்கி இடது கால் சுண்டுவிரல் வரை சுண்டி இழுக்கிற வலி. எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். குழாய்க்குள் தள்ளினால் மூக்குக்கு மேல் ஒரு சாண் இடம் இல்லை. முடியாவிட்டால் அழுத்துங்கள் என்று கையில் ஒரு ரப்பர் பந்து. உரலில் உலக்கை இடிப்பதுபோல் சத்தம் ஆரம்பித்தது. “மூச்சை நன்றாக இழுங்கள்” என்றது வெளியிலிருந்து ஒரு குரல். இழுத்தேன். இன்னும் வேகமாக இழுத்தேன். விரல் நுனியில் எறும்பு ஊர்ந்தது, உதடு மரத்தது, தலை சுற்றியது. சரி, மாரடைப்புதான் என்று பந்தை நசுக்கிவிட்டேன். உள்ளே இருந்தது இரண்டு நிமிடம்கூட இராது. கட்டிய பணம் திரும்பவில்லை, அது தனி வயிற்றெரிச்சல்.

எனக்குப் பயிற்சி கொடுக்கிற பிசியோதெரபிப் பெண் இதைக் கேட்டுச் சிரித்துவிட்டாள். “இழுத்ததுதான் தப்பு அம்மா. விடுவதில்தான் விஷயம் இருக்கிறது” என்றாள். பயத்தில் வேகவேகமாக மூச்சு வாங்கினால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்துபோகுமாம். மரமரப்பும் கிறுகிறுப்பும் அதனால் வந்தவை. மூச்சை இழுக்கும்போது இதயம் சற்று விரைகிறது, விடும்போது தணிகிறது. மூளையிலிருந்து புறப்படும் பன்னிரண்டு ஜோடி நரம்புகளில் பத்தாவது, நெஞ்சு வயிறு வரை இறங்கி வருகிறது. இதயத்துக்குக் கடிவாளம் அதன் கையில். நாலு எண்ணி மூக்கால் இழு, ஆறு எண்ணி உதட்டைக் குவித்து விடு. நிமிடத்துக்கு ஆறு மூச்சுதான் வரும். சும்மா இருக்கும்போதே நாம் 12 முதல் 20 வரை விடுகிறோம்.

உதட்டைக் குவி என்றதும் எனக்கு உன் அம்மாவின் ஊதுகுழல் ஞாபகம் வந்தது. ஈர விறகை நான் புஸ் புஸ்ஸென்று ஊதிச் சாம்பலைக் கண்ணில் வாங்கிக்கொள்வேன். அவர்கள் குழலை வாங்கி, கங்கு சிவக்கிற வரை ஒரே சீராக ஊதுவார்கள். தோள் அசையாது, வயிறு மட்டும் மெல்ல உள்ளே போகும். அந்த மூச்சுதான் இது. இதற்குப் போய் நான் மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுக்கிறேன்!

எண்ணுவதுதான் எனக்குச் சரிப்படவில்லை. மூன்றைத் தாண்டும்போது மனம் கழன்றுகொள்கிறது. அப்போதுதான் நாம் காலேஜுக்குப் போன ரயில் ஞாபகம் வந்தது. கல்லிடைக்குறிச்சி மேடையில் நின்று மூச்சை இழுத்துக்கொள். பிறகு விட்டுக்கொண்டே போ: வீரவநல்லூர், காருகுறிச்சி, சேரன்மகாதேவி, பேட்டை, திருநெல்வேலி டவுன், ஜங்ஷன். எண்ணிப் பார், சரியாக ஆறு! காருகுறிச்சியைத் தாண்டும்போதெல்லாம் உன் அப்பா, நாதஸ்வர வித்வான் காருகுறிச்சி அருணாசலத்தின் நாயனத்தைப் பற்றிப் பேச ஆரம்பிப்பாரே, அதுவும் கூடவே வருகிறது.

அதற்கடுத்த வாரம் மறுபடி அதே குழாய்க்குள் போனேன். இருபது நிமிடம். நூற்றிருபது தடவை ஜங்ஷன் போய் வந்திருப்பேன், டிக்கெட் எடுக்காமல். வலி போயிற்றா என்று கேட்பாய். போகவில்லை. ஆனால் பதினாறு அணாவில் எட்டணாதான் வலி, மிச்சம் பயம் என்று தெரிந்தது. அந்தப் பயத்தின் எட்டணாவைத்தான் மூச்சு வாங்கிக்கொண்டது. இரவு புரண்டு படுக்கும்போது இப்போதும் கால் இழுக்கத்தான் செய்கிறது. பல்லைக் கடித்து மூச்சை அடக்குவதை மட்டும் விட்டுவிட்டேன். அடக்கினால் தசை இன்னும் இறுகுகிறது. ஆபரேஷனுக்குப் பிறகு உன் முட்டியை மடக்கச் சொல்வார்கள். மடக்கும்போது விடு, அடக்காதே.

இன்றே ஆரம்பித்துவிடு. வலி உச்சத்தில் இருக்கும்போது கற்றுக்கொள்வது கஷ்டம், எனக்குத் தெரியும். காலைக் காப்பிக்கு முன் ஐந்து நிமிடம் போதும். தலை சுற்றினால் நிறுத்திவிட்டுச் சாதாரணமாக மூச்சு விடு. நெஞ்சை அழுத்தி, வலி கைக்குப் பரவி, வியர்த்துக் கொட்டினால் மட்டும் வீரவநல்லூர் காருகுறிச்சி என்று உட்கார்ந்திருக்காதே, உடனே ஆஸ்பத்திரிக்குப் போ.

உளுந்து அப்பளம் இரண்டு கட்டு பார்சலில் வருகிறது. மழை ஈரத்தில் நமுத்திருந்தால் ஒரு வெயில் காட்டிவிட்டுப் பொரி. ஆபரேஷன் தேதி தெரிந்ததும் எழுது. நான் முந்தின நாளே வந்துவிடுகிறேன். கீழ் பெர்த் கிடைத்தால்தான் இந்த இடுப்பு வரும், அதற்கு முன்கூட்டியே பதிய வேண்டும்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரி