செக்ரட்டேரியட் வம்சத்தில் தோற்கவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் செக்ரட்டேரியட் என்ற அமெரிக்கப் பந்தயக் குதிரையைப் பற்றி வந்த கட்டுரை, ‘ஓட்டத்தில் மன்னன், வம்சத்தில் ஏமாற்றம்’ என்று முடிந்திருந்தது. ஓட்டத்தைப் பற்றிச் சொன்னது சரி. 1973 ஜூன் 9 அன்று பெல்மான்ட் பந்தயத்தில் ஒன்றரை மைலை 2 நிமிடம் 24 விநாடியில் ஓடி, 31 குதிரை நீளம் முன்னால் வந்தது. கென்டக்கி டெர்பி பந்தயத்தையும் விரிவாக எழுதியிருக்கலாம். அங்கே முதல் கால் மைலுக்கு 25.2 விநாடி, கடைசிக் கால் மைலுக்கு 23. இடையில் ஒவ்வொரு கால் மைலும் முந்தையதைவிட வேகம். மற்றவை மூச்சிரைக்கும் இடத்தில் இது வேகம் கூட்டியது. இதயம் 22 பவுண்டு என்று ‘எடை போட்டுப் பார்த்தார்கள்’ என்பது மட்டும் தவறு. இறந்தபின் அறுத்துப் பார்த்த மருத்துவர் எடை போடவில்லை. அது அவருடைய மதிப்பீடு.

வம்சம் பற்றிய தீர்ப்பைத்தான் ஏற்க முடியவில்லை. அதைப் பொலிகுதிரையாக வைக்க 32 பங்கு, பங்குக்கு 1,90,000 டாலர், மொத்தம் 60 லட்சத்து 80 ஆயிரம் டாலர் போட்டவர்கள் இன்னொரு செக்ரட்டேரியட்டை எதிர்பார்த்தார்கள். ஆண் குட்டிகளில் 1988-இல் பிரீக்னஸ், பெல்மான்ட் பந்தயங்கள் இரண்டையும் வென்ற ரைசன் ஸ்டார் தவிர அந்த உயரத்துக்கு வந்தவை குறைவு. ஆனால் பெட்டைகளைப் பாருங்கள். லேடீஸ் சீக்ரெட் 1986-இல் அமெரிக்காவின் ஆண்டின் சிறந்த குதிரை. மற்ற மகள்களில் வீக்கெண்ட் சர்ப்ரைஸ் ஈன்றவை சம்மர் ஸ்குவாலும் ஏ.பி.இண்டியும். டெர்லிங்குவா ஈன்றது ஸ்டார்ம் கேட். அதனோடு ஒரு பெட்டையைச் சேர்க்கும் கட்டணம் ஒரு காலத்தில் 5 லட்சம் டாலர். சீக்ரெட்டேம் ஈன்றது கான் வெஸ்ட். மகள்வழிப் பேரன் பேத்திகளின் பரிசுத் தொகைக் கணக்கில் 1992-இல் வட அமெரிக்காவில் முதலிடம் செக்ரட்டேரியட்டுக்குத்தான். அதன் தாய் சம்திங்ராயலின் தகப்பன் பிரின்ஸ்குவில்லோவும் இப்படி மகள்களால் பெயர் எடுத்த குதிரை. தகப்பன் போல்ட் ரூலரின் குட்டிகளுக்கு ஒன்றரை மைல் தாங்காது என்று அப்போது பேச்சு இருந்தது. அந்தத் தாங்குசக்தி வந்தது தாய்வழியில் என்றே நான் கொள்கிறேன்.

‘தாயைத் தண்ணீர்த் துறையில் பார்த்தால் மகளை வீட்டில் பார்க்க வேண்டாம்’ என்று சொல்லும் ஊர்தான் நம்முடையது. ஆனாலும் வண்டிப் பந்தயத்துக்குக் குட்டி வாங்குகிறவர்கள் முதலில் கேட்பது தகப்பன் பெயரை. தாய் எந்தத் தொழுவத்தில் என்ன தின்று நிற்கிறது என்று கேட்பதில்லை.

பாண்டியர் காலத்தில் தாமிரபரணி முகத்துவாரத்துக் காயல் துறைமுகத்துக்குக் கப்பல் கப்பலாகக் குதிரை வந்தது. நல்ல பொலிகுதிரையை நல்ல பெட்டையோடு சேர்த்தாலும் இங்கே கால் கோணிய குட்டிதான் பிறக்கிறது என்று மார்க்கோ போலோ எழுதிவைத்தார். இறைச்சியோடு வேகவைத்த சோற்றைக் குதிரைக்குப் போடுகிறார்கள், லாடம் அடிக்க ஆள் இல்லை என்றும் அவரே எழுதுகிறார். மண்ணைக் குறை சொல்ல வேண்டியதில்லை. காரணம் தீவனத்தில் இருந்திருக்கும்.

இன்றைக்கும் அதே தவறு வேறு உருவத்தில் நடக்கிறது. நெல் விளையும் ஊர் என்பதால் சினைப் பெட்டைக்கு அரிசித் தவிடும் வைக்கோலும். தவிட்டில் பாஸ்பரஸ் மிக அதிகம், சுண்ணாம்புச் சத்து சொற்பம். குதிரைக்குச் சுண்ணாம்புச் சத்து பாஸ்பரஸைப் போல ஒன்றரை மடங்காவது வேண்டும். அது கிடைக்காதபோது பெட்டை தன் எலும்பிலிருந்தே எடுத்துக் கொடுக்கும். தாடை உப்பும், நடை விறைக்கும், குட்டியின் எலும்பு உறுதிப்படாது. கோ-4 புல்லும் கொழுக்கட்டைப்புல்லும் மட்டும் போட்டாலும் இதே கதை. அவற்றிலுள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தைக் கட்டிப்போட்டுவிடும். மாட்டின் வயிறு அதைச் சமாளிக்கும், குதிரையின் வயிறு சமாளிக்காது. தவிட்டை விட முடியாதவர்கள் கிலோவுக்கு 60 கிராம் தீவனத் தரச் சுண்ணாம்புக்கல் தூளை, லேசாகத் தண்ணீர் தெளித்துப் பிசறிக் கொடுக்கட்டும். காய்ந்த தூளைக் குதிரை ஊதித் தள்ளிவிடும். வாய்க்கால் ஓரம் நாலு பாத்தி குதிரைமசால் என்னும் தீவனப் பயிர் போட்டால் இன்னும் நல்லது.

ஈனும்போதும் மாட்டுக் கணக்கு உதவாது. குட்டி ஒரு மணி நேரத்தில் எழுந்து நிற்க வேண்டும், இரண்டு மணி நேரத்தில் மடியைப் பிடிக்க வேண்டும். நோய் எதிர்ப்புச் சக்தி தாயின் வயிற்றில் இருக்கும்போது குட்டிக்குச் சேராது. சீம்பால் வழியாகத்தான் சேரும், அதுவும் பெரும்பாலும் முதல் 12 மணி நேரத்துக்குள். நஞ்சுக்கொடி மூன்று மணி நேரத்தில் விழாவிட்டால் அது அவசர நோய். பசுவுக்கு விடியட்டும் என்று பொறுப்பதுபோல் இதற்குப் பொறுத்தால் கருப்பையில் நஞ்சு ஏறி, குளம்புக்குள் அழற்சி கண்டு, பெட்டை காலூன்ற முடியாமல் போகும். 1989-இல் செக்ரட்டேரியட்டை 19 வயதில் கருணைக்கொலை செய்ய வைத்ததும் குளம்பு அழற்சிதான். கொடியைக் கையால் இழுக்கக் கூடாது. மிதிபடாமல் மேலே முடிந்து கட்டிவிட்டு மருத்துவரைக் கூப்பிட வேண்டும். திருநெல்வேலி அருகே ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது.

குட்டியின் முன்கால் முழங்காலில் சற்று உள்வாங்கியிருந்தால் பயப்பட வேண்டாம், பெரும்பாலும் தானே நேராகும். குளம்புக்குச் சற்று மேலே உள்ள கணுவில் கோணல் இருந்தால் இரண்டு மாதத்துக்குள் காட்டுங்கள். பிறகு அங்கே எலும்பின் வளர்ச்சி நின்றுவிடும். நாலு வாரத்துக்கு ஒருமுறை குளம்பைச் சமமாகச் சீவ வேண்டும்.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். இனி எந்தக் குதிரையைப் பற்றி எழுதினாலும் தகப்பன் பெயரோடு தாயின் பெயரையும், தாயின் தகப்பன் பெயரையும் சேர்த்து அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
ஏரல்.