பென்ஷன் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தவர்கள்

லங்காஸ்டர், பென்சில்வேனியா
19 மே 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். இங்கே நலம். அம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் நான் சொன்னதை நீங்கள் நம்பவில்லை என்பது உங்கள் குரலிலேயே தெரிந்தது. முப்பத்துநான்கு ஆண்டுகள் சார்நிலைக் கருவூலத்தில் ஓய்வூதியக் கோப்புகளோடு இருந்தவர் நீங்கள். பென்ஷன் வரவில்லை என்று அழுதவர்களையும், பஞ்சப்படியைக் குறைத்துவிட்டீர்கள் என்று சண்டைக்கு வந்தவர்களையும், இறந்துபோன கணவரின் பெயரில் இன்னும் ஒரு மாதம் வாங்கிக்கொள்ளலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டவர்களையும் பார்த்திருக்கிறீர்கள். எனக்குப் பென்ஷனே வேண்டாம் என்று ஒருவர் கையெழுத்திட்டுக் கொடுத்ததை மட்டும் பார்த்ததில்லை. “அப்படி ஒரு படிவம் இருக்கவே முடியாது” என்றீர்கள். இருக்கிறது அப்பா. அதன் எண் 4029. சென்ற மாதம் என் மேசையிலேயே அதை நிரப்பினேன்.

வந்தவர்களின் பெயரைச் சொல்ல மாட்டேன். கணக்கர் தொழிலில் அது தகாது. இருபத்துநான்கு வயது இளைஞரும் அவருடைய மனைவியும் சாம்பல் நிறக் கூண்டு வண்டியில் வந்து, எங்கள் அலுவலகத்தின் பின்புறமுள்ள கம்பத்தில் குதிரையைக் கட்டிவிட்டு உள்ளே வந்தார்கள். இந்த மாவட்டத்தில் கணக்கர் அலுவலகம் வைத்திருப்பவர்கள் கார் நிறுத்த இடம் விடுவதைப் போலக் குதிரை கட்டவும் ஓர் இடம் விடுகிறார்கள். படிவம் ஒரே பக்கம்தான். நான் இன்ன சபையைச் சேர்ந்தவன், முதுமைக்கோ ஊனத்துக்கோ மரணத்துக்கோ மருத்துவத்துக்கோ பணம் தரும் எந்தக் காப்பீட்டையும், அது அரசுடையதானாலும் தனியாருடையதானாலும், ஏற்பது என் மனச்சாட்சிக்கு விரோதம், ஆகவே சோஷியல் செக்யூரிட்டி என்ற அரசு ஓய்வூதியத் திட்டத்திலிருந்தும் மெடிகேர் என்ற முதியோர் மருத்துவத் திட்டத்திலிருந்தும் எனக்கு வரக்கூடிய எல்லா உரிமைகளையும் விட்டுக்கொடுக்கிறேன் என்பது அதன் சாரம். கீழே அவருடைய கையெழுத்து; அதற்கும் கீழே, ஆம், இவர் எங்களவர்தான் என்று சபையின் பிஷப் இடவேண்டிய கையெழுத்து. மனைவிக்குத் தனிப் படிவம். நிரப்பியதை பாயர்ஸ் என்ற ஊரில் இருக்கும் ஓர் அஞ்சல் பெட்டிக்கு அனுப்ப வேண்டும். நீங்கள் ரசிக்கக்கூடிய செய்தி ஒன்று: கூட்டரசு ஊழியர்களின் ஓய்வூதியக் கோப்புகளும் அதே பாயர்ஸில்தான், நிலத்துக்கு அடியில், பழைய சுண்ணாம்புக்கல் சுரங்கம் ஒன்றில் வைத்துப் பரிசீலிக்கப்படுகின்றன. பென்ஷன் கேட்பவர்களின் காகிதமும் வேண்டாம் என்பவர்களின் காகிதமும் ஒரே ஊருக்குப் போய்ச் சேருகின்றன.

இவர்கள் ஆமிஷ் மக்கள். 1525-இல் சூரிக் நகரில், குழந்தைக்குக் கொடுக்கும் ஞானஸ்நானம் செல்லாது, விவரம் தெரிந்த வயதில் தானே கேட்டுப் பெறுவதே செல்லும் என்று பிரிந்துபோன அனபாப்டிஸ்ட் கூட்டத்தின் வழிவந்தவர்கள். அதற்காக ஆற்றில் அமிழ்த்திக் கொல்லப்பட்டவர்களும் உண்டு. 1693-இல் யாக்கோப் அம்மான் என்பவர் பின்னால் போன பிரிவுக்கு ஆமிஷ் என்று பெயராயிற்று. மென்னோனைட்டுகளும் இதே குடும்பம்தான் என்றாலும், அவர்களில் பெரும்பாலோர் மற்ற அமெரிக்கர்களைப் போலவே சோஷியல் செக்யூரிட்டி கட்டுகிறார்கள், வாங்குகிறார்கள். பழைய ஒழுங்கைக் கைவிடாத மென்னோனைட்டுகள்தான் ஆமிஷாரைப் போல விலகி நிற்கிறார்கள். பிஷப் என்றதும் அங்கியும் செங்கோலுமாக நினைத்துவிடாதீர்கள்; அவரும் மாடு கறப்பவரே. சீட்டு வைத்த பாட்டுப் புத்தகம் யார் கைக்கு வருகிறதோ அவர்தான் போதகர் என்று, நம் உத்திரமேரூர்க் குடவோலையைப் போலத் திருவுளச்சீட்டில் தேர்ந்தெடுக்கிறார்கள். இன்னொன்று, இவர்கள் தங்கள் கூட்டத்தைச் சேராத எல்லோரையும் ‘இங்கிலீஷ்’ என்றே சொல்வார்கள். மயிலாடுதுறையில் பிறந்த நான் இந்த ஊரில் ஒரு வெள்ளைக்காரி.

வரியே கட்டாதவர்கள் என்று இவர்களைப் பற்றி இங்கே பலர் பேசுவதுண்டு, அது தவறு. வருமான வரி, நிலவரி, விற்பனை வரி எல்லாம் கட்டுகிறார்கள். தங்கள் பிள்ளைகள் போகாத அரசுப் பள்ளிக்கும் வரி கட்டுகிறார்கள். சோஷியல் செக்யூரிட்டி ஒன்றை மட்டும் மறுப்பதற்குக் காரணம், அதன் முழுப்பெயரிலேயே இன்சூரன்ஸ் என்ற சொல் இருப்பது. தன் வீட்டாரை விசாரிக்காதவன் விசுவாசத்தை மறுதலித்தவன், அவிசுவாசியிலும் கெட்டவன் என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியதை அவர்கள் அப்படியே பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். விசாரிப்பது என்ற அந்தப் பழைய சொல், நம் வீட்டுப் பெரியவர்கள் “அவளைக் கொஞ்சம் விசாரித்துக்கொள்” என்று சொல்லும் பொருளில்தான் அங்கே வருகிறது. வீட்டாரை விசாரிக்கும் கடமையைச் சந்தா கட்டி அரசிடம் ஒப்படைத்துவிட்டால் தாங்கள் எதற்கு என்பது அவர்களின் கேள்வி.

1935-இல் சோஷியல் செக்யூரிட்டிச் சட்டம் வந்தபோது விவசாயிகள் அதற்குள் வரவில்லை என்பதால் சிக்கலும் இல்லை. சொந்தமாகப் பயிர் செய்பவர்களும் கட்டவேண்டும் என்று 1955 முதல் ஆனபிறகுதான் தகராறு தொடங்கியது. சிலர் முணுமுணுத்துக்கொண்டே கட்டினார்கள். சிலருடைய வங்கிக் கணக்கிலிருந்து அரசே எடுத்துக்கொண்டது, அவர்களும் தடுக்கவில்லை. இந்த மாநிலத்தின் மேற்கு ஓரத்தில், ஒஹாயோ எல்லைக்கு அருகே நியூ வில்மிங்டன் என்ற ஊரில் வேலன்டைன் பைலர் என்றொரு விவசாயி இருந்தார். அவர் வங்கிக் கணக்கையே மூடிவிட்டார். நான்கு ஆண்டுப் பாக்கி 308 டாலர் 96 சென்ட். 1961 வசந்த காலத்தில், அவர் வயலில் உழுதுகொண்டிருந்தபோது வருவாய்த் துறை அதிகாரிகள் வந்து, ஏரிலிருந்து அவிழ்த்து மூன்று குதிரைகளை ஜப்தி செய்துகொண்டு போனார்கள். ஏலத்தில் 460 டாலர் கிடைத்தது. பாக்கியையும், குதிரைகளை ஏற்றிச் சென்ற கூலி, தீனிச் செலவு 113 டாலர் 15 சென்டையும் கழித்துக்கொண்டு, மிச்சம் 37 டாலர் 89 சென்டைத் திருப்பிக் கொடுத்தார்கள். கணக்கு சரியாகத்தான் இருக்கிறது, நானே கூட்டிக் கழித்துப் பார்த்தேன். ஆனால் விதைக்கும் பருவத்தில் உழுகிற குதிரையை அவிழ்ப்பது என்றால் என்ன என்று நம் தாத்தாவிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

செய்தி நாடெங்கும் பரவியது. பென்ஷனே வேண்டாம் என்பவரிடம் பென்ஷனுக்காக ஏர்க் குதிரையைப் பிடுங்குவதா என்று பத்திரிகைகள் கேட்டன. வருவாய்த் துறையும் ஜப்திகளை நிறுத்திவைத்தது. பைலர் தரப்பில் ஒரு வழக்கும் போடப்பட்டது; வழக்காடுவதே தங்கள் மதத்துக்கு ஆகாது என்று பின்னர் அதை அவர்களே திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். கடைசியில் 1965-இல், முதியோருக்கான மெடிகேர் மருத்துவத் திட்டத்தைக் கொண்டுவந்த அதே சட்டத்துக்குள் ஓர் உட்பிரிவாக இந்த விலக்கும் வந்து சேர்ந்தது.

அந்த உட்பிரிவை எழுதியவர் உங்களைப் போன்ற ஒரு கருவூலக்காரராகத்தான் இருந்திருக்கவேண்டும் என்று நான் நினைப்பதுண்டு. சபை 1950 டிசம்பர் 31 முதல் இடைவிடாமல் இருந்துவந்திருக்க வேண்டும். ஆகவே நேற்று மடம் தொடங்கியவர் இன்று வந்து விலக்குக் கேட்க முடியாது. விண்ணப்பிப்பவர் அதுவரை ஒரு காசுகூடப் பலன் வாங்கியிருக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, தன்னை நம்பியிருக்கும் உறுப்பினர்களுக்கு அந்தச் சபை நெடுங்காலமாக நியாயமான அளவில் ஆதரவு தந்துவருகிறது என்று அரசு திருப்தியடைய வேண்டும். நாங்கள் பார்ப்பதை நீங்கள் பார்ப்பதானால் விட்டுவிடுகிறோம், பார்க்கிறீர்களா என்று மட்டும் காட்டுங்கள் என்பதே அதன் பொருள். 60,000 டாலர் நிகர வருமானம் உள்ள விவசாயிக்கு இந்த விலக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 8,500 டாலர் பெறும், சின்னத் தொகை இல்லை.

விலக்கு சுயதொழில் செய்பவருக்கு மட்டுமே இருந்தது. எட்வின் லீ என்ற ஆமிஷ் தச்சர், தன்னிடம் வேலை பார்த்த ஆமிஷ் ஆட்களுக்காகவும் கட்ட மறுத்து உச்ச நீதிமன்றம் வரை போய் 1982-இல் தோற்றார். 1988-இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் சட்டத்தைத் திருத்தி, முதலாளியும் தொழிலாளியும் இருவருமே விலக்குப் பெற்றவர்களாக இருந்தால் கட்டவேண்டாம் என்றாக்கியது. ‘இங்கிலீஷ்’ முதலாளியிடம் கூலிக்குப் போகும் ஆமிஷ் இளைஞருக்கு இன்றும் பிடித்தம் உண்டு. பின்னால் அவர் எதையும் கேட்டு வருவதில்லை.

எல்லாம் சரி, முதுமையில் என்னதான் செய்கிறார்கள் என்று கேட்பீர்கள். நான் முட்டை வாங்கும் பண்ணையில் ஒரு பெரியவர் இருக்கிறார். பெரிய வீட்டின் பக்கவாட்டில், அதன் சுவரோடு சுவராக, இரண்டு அறையும் ஒரு சமையலறையும் கொண்ட சிறு வீடு. டாடி ஹவுஸ் என்பார்கள்; டாடி என்றால் அவர்கள் பேசும் ஜெர்மனில் தாத்தா. கடைசி மகனுக்குக் கலியாணமாகிப் பண்ணையை ஏற்றுக்கொண்டதும் பெரியவரும் மனைவியும் இங்கே இடம் மாறிக்கொண்டார்களாம். இரண்டு சமையலறைகளுக்கும் நடுவே ஒரு கதவு. நான் அமர்ந்திருந்த அரை மணி நேரத்தில் அந்தக் கதவு நான்கு முறை திறந்தது: ஒரு பேத்தி மூடி போட்ட கிண்ணத்தில் சூப் கொண்டுவந்தாள், இன்னொருத்தி வெறும் கிண்ணத்தை எடுத்துப் போனாள், மருமகள் வந்து நாளை இடியாப்பத்துக்கு மாவு பிசைவதைப் போல எதையோ பிசைந்துகொண்டே ஏதோ கேட்டாள், ஒரு சின்னப் பையன் காரணமில்லாமல் வந்து நின்றான். பாட்டி சாய்வு நாற்காலியில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவருக்கு இடுப்பில் அறுவை சிகிச்சை. மெடிகேர் இல்லை, தனியார் காப்பீடும் இல்லை. சபையின் உதவி நிதியிலிருந்தும் பிள்ளைகளிடமிருந்தும் திரட்டி, அந்த நிதியைக் கவனிக்கும் சபை உதவிக்காரர் காசோலையோடு மருத்துவமனைக்குப் போனாராம்; தொகை முழுவதையும் உடனே கட்டியதால் ஒரு பங்கு தள்ளுபடியும் கிடைத்ததாம். அந்த ரசீதைப் பிஸ்கட் டப்பாவிலிருந்து எடுத்துக் காட்டினார். மடிப்பு கலையாமல் இருந்தது.

பிறகு பெரியவர் என்னைப் பார்த்து, “உன் அப்பாவுக்கு யார் இருக்கிறார்கள்?” என்று கேட்டார். “பென்ஷன் இருக்கிறது” என்றேன். அவர் தலையசைத்துவிட்டு முட்டைகளை எண்ணத் தொடங்கினார்.

நான் இவர்களைப் புகழ்ந்தே எழுதுகிறேன் என்று எண்ணவேண்டாம். எனக்கு உறுத்துவதும் உண்டு. சபையை விட்டு வெளியேறுபவருக்கு அன்றோடு விலக்கு போய்விடுகிறது, அன்றிலிருந்து கட்டவேண்டும். ஆனால் கட்டாத பழைய ஆண்டுகள் கணக்கில் ஏறா. ஐம்பது வயதில் வெளியே வரும் ஒருவர் ஓய்வூதியத்துக்கு வேண்டிய நாற்பது காலாண்டுகளைத் தொடக்கத்திலிருந்து சேர்க்கவேண்டும், அதுவும் உறவினர் ஒரே மேசையில் அமர்ந்து உண்ண மறுக்கும் நிலையில். என் மேசையில் கையெழுத்திட்ட பெண்ணுக்கு இருபத்திரண்டு வயது. அவள் பேனாவை வாங்கி, ஒருமுறை முழுவதும் படித்துவிட்டுத்தான் கையெழுத்திட்டாள் என்பதையும் சொல்லவேண்டும்.

என் நிலைமையையும் கேட்டிருந்தீர்கள். எனக்கு மனச்சாட்சி விலக்கு எதுவும் கிடையாது, சம்பளத்தில் 6.2 சதவீதம் சோஷியல் செக்யூரிட்டிக்கும் 1.45 சதவீதம் மெடிகேருக்கும் மாதந்தோறும் போகிறது. இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே, இரு நாடுகளிலும் கட்டிய காலத்தைச் சேர்த்துக் கணக்கிடும் ஒப்பந்தம் இல்லாததால், நாற்பது காலாண்டுகள் நிரம்புமுன் நான் ஊர் திரும்பினால் கட்டியதற்கு ஓய்வூதியமும் இல்லை, அதைத் திருப்பிக் கேட்கவும் முடியாது. சென்ற ஆண்டு முடிய இருபது சேர்ந்திருக்கிறது. விசா இன்னும் ஐந்தாண்டு நீடிக்குமா என்பது வேறு கதை.

ஓய்வூதியர் உயிரோடிருப்பதைக் கருவூலத்தில் காட்டும் உங்கள் நேர்காணல் மாதம் வருகிறது. தம்பி கூட்டிப்போவான் என்றாலும், பென்ஷன் புத்தகத்தையும் ஆதாரையும் முந்தின நாளே எடுத்துப் பையில் வையுங்கள். படிவம் 4029-இன் வெற்றுப் பிரதி ஒன்றை இதனுடன் வைத்திருக்கிறேன். உங்கள் பழைய அலுவலக நண்பர்களிடம் காட்டுங்கள். அவர்களும் நம்ப மாட்டார்கள்.

தங்கள் அன்பு மகள்,
செல்வி