அப்பாவோட ரத்த ரிப்போர்ட் பத்தி

மாப்ள,

உன் லெட்டர் வந்துச்சு, அப்பாவுக்குப் பெருங்குடல்ல கேன்சர்னு படிச்சதும் மனசு கேக்கல. ஆபரேஷனுக்கு முன்னாடி எடுத்த சிபிசியில, அதான் ரத்த அணுக்கள எண்ணுற டெஸ்ட்ல, வெள்ளையணு வகைங்கள்ல நியூட்ரோஃபில் 78, லிம்போசைட் 13 சதவீதம், ரெண்டையும் வகுத்தா 6 வருது, 4க்கு மேல போனா ஆயுள் கம்மியாமேன்னு எழுதியிருக்க. இத்தன வருஷமா லேப்லயே கிடக்குறவன்ங்கிறதால சொல்றேன், அந்த 6ஐ வச்சு நீ ராத்திரி முழிச்சுக் கிடக்காத.

நீ படிச்சது பொய்யில்ல. 2014ல 100 ஆய்வுகள ஒண்ணா சேத்துப் பாத்தாங்க, 40,000 பேருக்கு மேல, இந்த விகிதம் கூட இருந்தவங்க மொத்தத்துல கம்மி காலம்தான் இருந்தாங்க. ஆனா எதுக்கு மேல போனா கூடன்னு ஒவ்வொரு ஆய்வும் ஒவ்வொரு கோடு போட்டிருக்கு. அதுவும் ஆயிரக்கணக்கான பேரோட கணக்குடா, அப்பா ஒருத்தருக்கு இத்தன மாசம்னு அதுல இருந்து எடுக்க முடியாது.

இந்த விகிதம் ஏன் ஏறுதுன்னா, கட்டி இருக்குற இடத்துல உடம்பு ஓயாம அழற்சியில இருக்கும். கட்டிக்குள்ள வெள்ளையணு கிடக்குறத விர்ச்சோங்கிற ஜெர்மன் டாக்டர் 1863லயே பாத்துட்டாரு. ஐஎல்-6னு அழற்சியத் தூண்டுற ஒரு புரதம் சுரந்து ஈரலுக்குப் போகும், ஈரல் சிஆர்பிங்கிற அழற்சிப் புரதத்த கூட்டி, ஆல்புமின்ங்கிற ரத்தப் புரதத்தக் குறைச்சிடும், நியூட்ரோஃபில் ஏறும், கேன்சரோட சண்ட போடற லிம்போசைட் இறங்கும், கூடவே பசி போயி சதையும் கரையும். அதனால எனக்கு அந்த விகிதத்த விட சிஆர்பியும் ஆல்புமினும்தான் பெருசா படுது. ஸ்காட்லாந்து கிளாஸ்கோவுல 2003ல இந்த ரெண்டையும் வச்சே ஒரு ஸ்கோர் கொண்டு வந்தாங்க, கூடக் கூட மோசம்னு அர்த்தம், பின்னாடி கொஞ்சம் மாத்துனாங்க: சிஆர்பி லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்குள்ள இருந்தா 0, தாண்டினா 1, தாண்டி ஆல்புமினும் டெசிலிட்டருக்கு 3.5 கிராமுக்குக் கீழ போனா 2. ரெண்டே டெஸ்ட், சின்ன ஊரு லேப்லயும் பண்ணிடலாம்.

ஆனா எப்ப எடுத்த ரத்தம்ங்கிறது ரொம்ப முக்கியம்டா. சளி, யூரின் இன்ஃபெக்ஷன், பல்லுல சீழ், எது இருந்தாலும் இந்த நம்பருங்க ஏறும். கீமோவுக்கு முன்னாடி டெக்ஸாங்கிற ஸ்டீராய்டு மருந்து போட்டா நியூட்ரோஃபில் கூடும், வெள்ளையணு ஏத்துற ஊசி போட்டா இன்னும் எகிறும், ஆபரேஷன் முடிஞ்ச ரெண்டு மூணு நாள்ல சிஆர்பி எல்லாருக்குமே உச்சத்துல இருக்கும். அப்பாவுக்கு அந்த வாரம் காய்ச்சல் இருந்துச்சுன்னு நீயே எழுதியிருக்க, அப்புறம் அந்த 6ஐ எப்படி அப்படியே நம்புறது?

என்ன ட்ரீட்மென்ட்ங்கிறது ஸ்டேஜ், நெறிக்கட்டு, பயாப்ஸி இதுலதான் நிக்குது, இந்த நம்பர்ல இல்ல. நீ டாக்டர்கிட்ட கேக்க வேண்டியது வேற: ஆல்புமின் எவ்வளவு, எடை எத்தன கிலோ குறைஞ்சுது, டயட்டீஷியன பாக்கலாமான்னு. முட்டை, பருப்பு, மீனு, அவருக்கு எது எறங்குதோ அத கொஞ்சம் கொஞ்சமா அடிக்கடி குடு. மூலிகை லேகியம்னு யாராவது நீட்டுனா டாக்டர்ட்ட காட்டாம குடுக்காத.

இங்க எல்லாரும் நல்லாருக்கோம், சின்னவளுக்கு நர்சிங் சீட் கிடைச்சிருக்கு. காய்ச்சல் விட்டப்புறம் எடுத்த ரிப்போர்ட் இருந்தா தேதியோட போட்டோ எடுத்து அனுப்பு, பாக்குறேன். அடுத்த வாரம் லீவு சொல்லியாச்சு, அப்பாவ பாக்க வர்றேன்.

உன் மாப்ள