பிடி அரிசி டின்னும் உன் மக சொன்னதும்

ஏட்டி, எப்படி இருக்க? கர்த்தருக்குள் ஸ்தோத்திரம்.

உன் மக வேலையை விட்டுட்டு மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போறேங்கிறான்னு நீ போட்ட மெசேஜ் செவ்வாய்க்கிழமை ராத்திரி பார்த்தேன். உடனே போன் பண்ணலாம்னு எடுத்தேன், அப்புறம் வச்சிட்டேன், ஏன்னா நீ அழுவ, நானும் அழுவேன், ஒண்ணுமே பேசாம வச்சிருவோம், அதான் எழுதுறேன். ஹாஸ்டல்ல இருந்து லீவுக்குப் போனா வாரம் ஒரு இன்லேண்ட் லெட்டர் போடுவோமே, அது மாதிரி நெனச்சு மெதுவா படி.

முதல்ல இங்க உள்ள விஷயம். அம்மா போய் வர்ற இருபதாம் தேதியோட மூணு மாசம். அண்ணன் வீட்டை ஒதுக்கணும்னு கூப்பிட்டான், போன வாரம் ரெண்டு நாள் ஊர்ல இருந்தேன். எந்தச் சேலை யாருக்குன்னு அம்மா முன்னாடியே சொல்லி வச்சிருந்தா, அதனால அதுல ஒண்ணும் கஷ்டம் இல்ல. அடுப்படிக்கு வந்தப்பதான் முடியல. மேடைக்குக் கீழ அந்தப் பிடி அரிசி டின் இருந்துச்சு. நீ பார்த்திருக்க, பச்சை மூடி போட்ட பழைய பால் பவுடர் டின். திறந்தா பாதி வரைக்கும் அரிசி. அம்மா ஆஸ்பத்திரிக்குப் போன அன்னைக்குக் காலைல போட்ட கைதான் மேல கிடந்திருக்கணும். மூணு மாசம் யாரும் தொடல, பூரா வண்டு. அங்கனயே தரையில உக்காந்துட்டேன்.

உனக்கு ஞாபகம் இருக்கும், அம்மா உலைக்கு அரிசி அளந்து எடுத்ததும் அதுல இருந்து ஒரு கை திரும்ப அள்ளி டின்ல போடுவா, போடும்போது வாய் மட்டும் முணுமுணுக்கும், ஜெபம்தான், ஞாயித்துக்கிழமை அதைக் கோயிலுக்குக் கொண்டு போவா, அங்க எல்லா வீட்டு அரிசியும் ஒண்ணாக் கொட்டி வித்து அந்தக் காசு ஊழியத்துக்குப் போகும். நம்ம திருநெல்வேலி சபைகள்ல பாட்டி காலத்துல இருந்தே இருக்கு. மிசோரம்லயும் பெண்கள் 1910ல இருந்து இப்படித்தான் ஒவ்வொரு தடவை சமைக்கும்போதும் ஒரு பிடி எடுத்து வைக்கிறாங்க, அந்த அரிசியிலயே எத்தனையோ மிஷனெரிகளை அனுப்பியிருக்காங்க.

நான் ஆறாங்கிளாஸ் படிக்கும்போது அப்பாக்குச் சம்பளம் வராத ஒரு மாசம். அம்மா பெண்கள் ஜெபத்துக்குப் போயிருந்தா, தம்பி பசின்னு அழுதான், அரிசிப் பானை காலி, நான் டின்ல இருந்து ரெண்டு டம்ளர் எடுத்துப் பொங்கிட்டேன். அம்மா வந்து பார்த்தா, திட்டல. எங்களைச் சாப்பிட வச்சா. அப்புறம் பக்கத்து வீட்டுல போய் கடனுக்கு ரெண்டு டம்ளர் வாங்கிட்டு வந்து நேரா டின்ல கொட்டினா. அன்னைக்கு ராத்திரி அம்மா சாப்பிட்டாளான்னு எனக்கு இப்போ வரைக்கும் தெரியாது. "அது நம்ம அரிசி இல்லட்டி, எடுத்து வச்சாச்சு"ன்னு மட்டும் சொன்னா.

இதை ஏன் இவ்வளவு சொல்றேன்னா, நீ எழுதியிருந்தியே, மக நர்ஸ் வேலையை விட்டுட்டு ஜார்கண்ட் பக்கம் ஒரு மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போறேங்கிறா, கல்யாணம் வேண்டாங்கிறா, "என் வாழ்க்கையை ஆண்டவருக்குன்னு பிரிச்சு வச்சிட்டேம்மா"ன்னு சொன்னா, அப்போ இத்தனை வருஷம் குடும்பம் நடத்துன நான் யாருன்னு. அந்தக் கேள்வி எனக்குள்ள முப்பது வருஷத்துக்கு மேல கிடந்த கேள்விட்டி. உங்கிட்ட நான் சொன்னதே இல்ல.

1989 மே மாசம், டிகிரி முடிச்ச லீவுல, ஒரு வாலிபர் கூட்டத்துல நான் எழுந்து நின்னேன், முழுநேர ஊழியத்துக்கு ஒப்புக்கொடுக்கிறேன்னு. உண்மையாத்தான் நின்னேன். ரெண்டு மாசத்துல அப்பாக்குப் பக்கவாதம் வந்துச்சு, நான் வேலைக்குப் போனேன், தம்பியைப் படிக்க வச்சேன், அப்புறம் கல்யாணம், பிள்ளைங்க. அந்தக் கூட்டம் நடத்துனவர் ஒருத்தர் பின்னாடி என்னை வழியில பார்த்து, கலப்பையில கையை வச்சிட்டுத் திரும்பிப் பார்த்துட்டியேம்மான்னு சொன்னார். யாருன்னு வேண்டாம், நல்ல எண்ணத்துலதான் சொல்லியிருப்பார். ஆனா அதுக்கப்புறம் கோயில்ல அர்ப்பணிப்புப் பாட்டு பாடும்போதெல்லாம் என்னால வாயைத் திறக்க முடியாது, உதடு மட்டும் அசையும். அப்பாவைத் தூக்கி உக்கார வச்சு, கஞ்சி ஊட்டி, படுக்கையில புண் வராம புரட்டிப் போட்ட அந்த ஒம்பது வருஷமும் ஆண்டவருக்குக் கொடுத்தது இல்லன்னு நானே கணக்குல இருந்து கழிச்சிட்டேன்.

இதை உடைச்சது டோனாவூர். போன வருஷம் பெண்கள் ஐக்கியத்துல வேன் பிடிச்சுப் போனோம். ஏமி கார்மைக்கேல் அம்மா இருந்த இடம், நாம ஞாயிறு பள்ளியில கேட்டதுதான், ஆனா அங்க நின்னு கேக்கும்போது வேற மாதிரி இருந்துச்சு. மலை அவ்வளவு கிட்ட, செங்கல் கட்டடம், மரம், சத்தமே இல்ல. அயர்லாந்துல இருந்து 1895ல இந்தியா வந்தவங்க, அப்புறம் ஒரு தடவைகூட ஊருக்குத் திரும்பல. வந்த புதுசுல நம்ம பொண்ணுங்க சிலரைச் சேர்த்துக்கிட்டு மாட்டு வண்டியில ஊர் ஊராப் போய் சுவிசேஷம் சொன்னாங்க, பொன்னம்மாள் எல்லாம் அதுல உண்டு, நகையை எல்லாம் கழட்டி வச்சிட்டாங்க. நம்ம ஊர்ல அந்தக் காலத்துல காதும் கழுத்தும் மூளியா ஒரு பொண்ணு தெருவுல நடக்கிறதுன்னா என்ன பேச்சு பேசியிருப்பாங்கன்னு யோசி. நம்ம பக்கம் இன்னைக்கும் பிரிச்செடுக்கப்பட்ட ஜீவியம்னா நகை கழட்டுறதும் வெள்ளைச் சேலையும்தான் முதல்ல ஞாபகம் வருது. கழட்டுனவங்களை நான் குறை சொல்லல, எங்க சித்தி கழட்டிட்டா, அவ முகத்துல இருந்த சமாதானம் எனக்குத் தெரியும்.

ஆனா 1901 மார்ச்ல ஏழு வயசுப் பிள்ளை ஒருத்தி தப்பிச்சு அவங்ககிட்ட வந்தா. தேவதாசியா விட்டிருந்த பிள்ளை. அவளுக்குப் பிறகு இன்னொண்ணு, இன்னொண்ணு, கைக்குழந்தைங்க எல்லாம். அதோட வண்டிப் பயணம் நின்னுபோச்சு. பிள்ளைங்க தாயோட காலைக் கட்டிப்போடும்னு நம்ம தமிழ்ல உள்ள சொலவடையை அவங்க அடிக்கடி நெனச்சுக்குவாங்களாம், சரி கட்டட்டும்னு விட்டுட்டாங்க. பிரசங்கம் பண்ண கடல் தாண்டி வந்தவங்க, பால் காய்ச்சுறதும் துணி அலசுறதும் ராத்திரி முழிச்சு இருக்கிறதும்தான் வேலைன்னு ஆகிடுச்சு. பிள்ளைங்க பிறந்த நாள் தெரியாததால வந்து சேர்ந்த நாளைத்தான் கொண்டாடுவாங்களாம், அது எனக்கு ரொம்பப் பிடிச்சது. 1931ல களக்காட்டுல ஒரு குழியில விழுந்தாங்க, அதுக்கப்புறம் 1951ல இறக்குற வரைக்கும் கிட்டத்தட்ட இருபது வருஷம் பெரும்பாலும் அந்த ஒரே ரூம்லதான். கல்லறைக்குக் கல் வேண்டாம்னு சொல்லிட்டாங்க, மரத்தடியில பறவைங்களுக்குத் தண்ணித் தொட்டி ஒண்ணு இருக்கு.

நான் அந்தத் தொட்டிகிட்ட ரொம்ப நேரம் நின்னேன். வண்டியில ஊர் ஊராப் போன வருஷங்களை மட்டும் ஊழியம்னு எண்ணி, பிள்ளைங்களுக்குப் பால் ஊத்துன வருஷங்களை யாராவது கழிப்பாங்களா? அப்போ அப்பாவோட ஒம்பது வருஷம்?

வந்து பைபிளை எடுத்து சகரியா கடைசி அதிகாரம் வாசிச்சேன். எங்க சபைப் போதகர் ஐயர் ஒருக்கா பைபிள் ஸ்டடியில சொன்னது ஞாபகம் வந்துச்சு, பரிசுத்தம்ங்கிற எபிரெய வார்த்தையில பிரிச்சு வைக்கிறதுங்கிற கருத்து இருக்குன்னு. யாத்திராகமத்துல "கர்த்தருக்குப் பரிசுத்தம்"னு பிரதான ஆசாரியனோட நெத்திப் பட்டத்துல வெட்டியிருக்கும், பொன் தகடு. சகரியாவுல பாரு, அதே வார்த்தை குதிரைக் கழுத்து மணியில எழுதியிருக்கும்ங்கிறார், எருசலேம்லயும் யூதாவுலயும் உள்ள எல்லாப் பானையும் கர்த்தருக்குப் பரிசுத்தமா இருக்கும்ங்கிறார். பானைட்டி! சமைக்கிற பானை. எத்தனை தடவை வாசிச்சிருக்கேன், அன்னைக்குத்தான் கண்ணுல பட்டுச்சு.

அம்மா டின்ல போட்டதும் உலையில போட்டதும் ஒரே மூட்டை அரிசிதானே. டின்ல உள்ளது உசந்த அரிசி இல்ல. ஆனா அது யாருக்குன்னு முடிவாகிடுச்சு, நம்ம பசிக்குக்கூட அதைத் தொடக்கூடாது. அதே சமயம் அது டின்லயே இருக்கிறதுக்கும் இல்ல, ஞாயித்துக்கிழமை அது யாரோ ஒருத்தர் வீட்டுக்குப் போய் யாரோ ஒரு பிள்ளை வயித்துல சோறா விழணும். டின்லயே விட்டா என்ன ஆகும்னு நான் போன வாரம் பார்த்தேனே. இயேசப்பாவும் யோவான் 17ல, இவங்களை உலகத்துல இருந்து எடுத்துடும்னு கேக்கல, தீமைல இருந்து காத்துக்கொள்ளும்னுதான் கேட்டார்.

அதனால உன் மக உன்னை விடப் பரிசுத்தம் ஆகிட்டான்னும் நான் சொல்ல மாட்டேன், அவ செய்றது தேவையில்லாததுன்னும் சொல்ல மாட்டேன். பவுலே ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு வரம்னுதான் சொல்றார். வேலூர் மிஷன் ஆஸ்பத்திரியை ஆரம்பிச்ச ஐடா ஸ்கடர் அம்மாவைப் பாரு, உடம்பு சரியில்லாத தாயைப் பார்க்க வந்தவங்க, இங்க தங்குற எண்ணமே கிடையாது. திண்டிவனத்துல ஒரே ராத்திரி மூணு வீட்டு ஆம்பளைங்க கதவைத் தட்டி, பிரசவத்துல தவிக்கிற எங்க வீட்டுப் பொண்ணைக் காப்பாத்த வாங்கன்னாங்க, ஆம்பளை டாக்டர் வேண்டாம்னுட்டாங்க, விடியுமுன்ன அந்த மூணு பொண்ணுங்களும் இறந்துபோயாச்சு. அதுக்கப்புறம்தான் அமெரிக்கா போய் டாக்டருக்குப் படிச்சு 1900ல திரும்பி வந்து வேலூர்ல வைத்தியம் பார்க்க ஆரம்பிச்சாங்க. கல்யாணம் பண்ணிக்கல. உன் மகளும் ஏதோ ஒரு கதவு தட்டுற சத்தம் கேட்டிருக்கா. வார்டுல அஞ்சு வருஷம் இருந்தவ, கஷ்டம்னா என்னன்னு தெரியாத பிள்ளை இல்ல.

ஒண்ணே ஒண்ணு மட்டும் அவகிட்ட கேளு, சண்டையா இல்லாம, சாப்பாடு போட்டுட்டுக் கேளு: அங்க யாரு இருக்கா, தங்குற இடம் எப்படி, உடம்புக்கு முடியலன்னா யாரு பார்ப்பா, வருஷத்துக்கு எத்தனை நாள் வீட்டுக்கு வருவ. அந்த ஆஸ்பத்திரிக்காரங்ககிட்டயும் நீங்க ரெண்டு பேரும் நேர்ல போய்ப் பேசுங்க. விசுவாசம் இல்லாததால கேக்கிறதா அவ நெனைக்க மாட்டா. அழணும்னா எங்கிட்ட அழு, அவ முன்னாடி வேண்டாம். கல்யாண விஷயத்தை இப்ப தொடாத. உன் வீட்டுக்காரர்கிட்டயும் சொல்லு, அவர் ஒண்ணும் பேசாம இருக்கார்னு எழுதியிருந்த, அவர் உன்னை விட அதிகமா உடைஞ்சிருப்பார்.

அவ போறதுக்கு முன்ன ஒரு சனிக்கிழமை அவளைக் கூட்டிட்டு இங்க வா. வள்ளியூர்ல இறங்கிடு, நான் வந்துடுறேன், மூணு பேரும் டோனாவூர் போயிட்டு வருவோம்.

டின்னைக் கழுவி வெயில்ல காய வச்சு இங்க கொண்டு வந்துட்டேன். வண்டு விழுந்த அரிசியைப் புடைச்சுக் கோழிக்குப் போட்டுட்டு, அதே அளவு புது அரிசி அளந்து போன ஞாயிறு கோயில்ல அம்மா பேர்ல சேர்த்தேன்.

ஜார்கண்ட்ல குளிர் காலத்துல ரொம்பக் குளிருமாம். நான் இப்பவே ஸ்வெட்டர் பின்ன ஆரம்பிக்கிறேன், அவ தோள் அளவும் கை நீளமும் எடுத்து அனுப்பு. கலர் என்ன வேணும்னு அவகிட்டயே கேளு.

உன் பழைய ரூம் மேட்