பின் பிரேக்கும் உன் உபதேசமும்

போடிநாயக்கனூர்
தை 22

அன்புள்ள மாப்பிள்ளை,

இரண்டு கடிதத்துக்குப் பதில் போடாத பாவி எழுதுகிறேன். திட்டுவதை நேரில் வைத்துக்கொள். இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு மூட்டுவலி வழக்கம்போல. சின்னவன் மதுரையில் விடுதிச் சாப்பாட்டைத் திட்டிக்கொண்டே இரண்டு சுற்றுப் பெருத்திருக்கிறான். நம் நண்பன் ஒட்டடை புதுவீட்டுக்குப் பால் காய்ச்சினான், மைக்கைப் பிடித்தான், மீதியை நீயே ஊகித்துக்கொள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வலது முழங்கையில் எனக்கு ஐந்து தையல். உன் தங்கையிடம், கடையில் கொட்டிக்கிடந்த ஏலக்காயில் வழுக்கி விழுந்தேன் என்று சொல்லியிருக்கிறேன். "ஏலக்காய் விற்கிற விலைக்குத் தரையில் கொட்டி வைத்திருக்கிறார்களா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது. உண்மையை யாரிடமாவது சொல்லாவிட்டால் வயிறு வெடித்துவிடும். ஏற்கெனவே வெடித்தது ஒன்று போதும்.

போடிமெட்டுக்குச் சைக்கிளில் ஏறிவிட்டேன், மாப்பிள்ளை. பதினேழு கொண்டை ஊசி வளைவும். 1992இல் நாம் இருவரும் மணி வாடகைச் சைக்கிளில் நாலாவது வளைவு வரை போய், வாந்தியெடுத்து (நீ), திரும்பி வந்தோமே, அதே சாலை. கூடாரமும் அடுப்பும் துணிமணியும் பின்சக்கரத்தின் இருபுறமும் பைகளில் தொங்க, சுமையோடு ஏறினேன். நான் 72 கிலோ, சைக்கிள் 14, சுமை 14. மொத்தம் நூறு. கணக்குப்பிள்ளைக்கு வாய்த்த எண்ணைப் பார்த்தாயா?

விடியுமுன் கிளம்பி, முந்தல் சோதனைச் சாவடியைத் தாண்டும்போது வெளுத்துவிட்டது. அந்த நேரத்தில்தான் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் போகும். உனக்குத் தெரியாததா? அவர்கள் வளைவுக்குப் பிரேக் பிடிப்பதில்லை, ஹாரன் பிடிப்பார்கள். ஒரு ஜீப்பில் பின்னால் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த பெண்கள் என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு அடுத்த வளைவு வரை கேட்டது. அதில் ஒரு பாட்டி மட்டும் சிரிக்காமல், பஸ்ஸுக்குக் காசில்லையா என்று நிஜமான இரக்கத்தோடு கேட்டார். எனக்குப் பதில் சொல்ல மூச்சில்லை.

எப்படி ஏறினாய் என்பாய். முழங்காலால் இல்லை, பல்லால் ஏறினேன். முன்னால் இருந்த 42 பல் சக்கரத்தைக் கழற்றிவிட்டு 28 போட்டேன். பின்னால் பெரிய பல்சக்கரம் 34. ஒரு முறை மிதித்தால் வண்டி ஒன்றே முக்கால் மீட்டர்தான் நகரும். நிமிடத்துக்கு அறுபது மிதி மிதித்தாலும் மணிக்கு ஆறு கிலோமீட்டர். விறுவிறுவென்று நடக்கிற மனிதன் கூடவே வந்துவிடுவான். ஆனால் கால் எரியாது, மூச்சு வாங்காது, பத்தடிக்கு ஒரு தரம் இறங்கி நிற்க வேண்டாம். கியரை இறக்குவது ஆண்மைக்கு இழுக்கு என்று நம் கடைத்தெருச் சபையில் தீர்ப்புச் சொன்னவன் நீதான். டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தைத் தொடங்கிய தெக்ராஞ்சும் உன் கட்சிதான். 45 வயது தாண்டியவர்களுக்குத்தான் கியர் என்று 1902இல் எழுதிய மனிதர். அவர் பந்தயத்தில் கியர் மாற்றும் கருவியை 1937இல்தான் அனுமதித்தார்கள். அதற்கு முன்பு வீரர்கள் மலையடிவாரத்தில் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றி, மறுபக்கத்துப் பெரிய பல்சக்கரம் சங்கிலிக்கு வரும்படி திருப்பிப் போட்டுக்கொண்டு ஏறினார்களாம். எனக்கு 53. தெக்ராஞ்ச் சட்டப்படியே எனக்கு உரிமை உண்டு.

அப்படியும் பதினோராவது வளைவில் இறங்கித் தள்ளினேன். ஒளிக்கவில்லை. சாலை ஓரத்தில் இரண்டு குரங்குகள் என்னையும் என் வாழைப்பழத்தையும் மாறி மாறிப் பார்த்தன. கொடுத்துவிட்டுப் போனேன், சண்டை போடத் தெம்பில்லை. ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் உயரம் ஏறுவதற்கு உடம்பு செலவழிப்பது ஆயிரம் கலோரி சொச்சம் என்று பிறகு கணக்குப் போட்டேன். இருபது இட்லி. நான் தின்றிருந்தது நாலு.

மேலே மெட்டில் காற்று அடித்து ஈரச் சட்டை உடம்போடு ஒட்டியது. ஒரு பக்கம் வெயிலில் போடி காய்ந்துகொண்டிருக்க, மறுபக்கம் மூடுபனி. கட்டன் சாயா இரண்டு குடித்தேன். தோண்டிமலை வழியாகப் பூப்பாறைக்குப் போய்ச் சின்னம்மா வீட்டில் தூங்கினேன். கூடாரத்தைப் பிரிக்கவே இல்லை. ஆனையிறங்கல் பக்கம் கூடாரம் போட்டால் வீட்டுக்கே வர வேண்டாம் என்று உன் தங்கை உத்தரவு. அரிக்கொம்பன் யானையைத்தான் 2023இல் பிடித்துக்கொண்டு போய்விட்டார்களே என்றேன். "கொண்டுபோய் விட்ட அடுத்த மாதமே கம்பத்துத் தெருவில் வந்து நின்றதே, மறந்துவிட்டதா?" என்றாள். யானை விஷயத்தில் அவளோடு வாதம் கூடாது.

மறுநாள் இறக்கம். இதற்காகத்தான் இந்தக் கடிதமே.

"முன் பிரேக்கைத் தொடாதே, குப்புற விழுவாய், பின் பிரேக்தான் பிரேக்" என்று 1992இல் நீ எனக்கு உபதேசம் செய்தாய். முப்பது வருடத்துக்கு மேல் உன் சிஷ்யனாகவே இருந்திருக்கிறேன். மெட்டிலிருந்து பின் பிரேக்கை மட்டும் விடாமல் அழுத்திக்கொண்டே இறங்கினேன். ஓட்டமும் இல்லை, ஊர்வதும் இல்லை, நடுத்தர வேகம். மேலிருந்து எட்டாவது வளைவை முடித்து நிமிர்கிறேன், பின்னால் டமால். சக்கரம் பாம்பு மாதிரி வாலை வீசியது. வண்டி வலது பக்கம் இழுத்திருந்தால் தடுப்புச் சுவர், அதற்கப்பால் பள்ளம். இடது பக்கம் இழுத்தது. மலைச்சுவரோரச் சரளையில் விழுந்து தேய்த்துக்கொண்டே போய் நின்றேன். நான் எழுந்து, வண்டியை ஓரத்துக்கு இழுத்த பிறகுதான் கீழிருந்து ஒரு ஜீப் வளைவில் திரும்பியது. அரை நிமிடம் இருக்கும், மாப்பிள்ளை. அந்த அரை நிமிடத்தைத்தான் இரவில் தூக்கம் வராமல் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

ரிம்மைத் தொட்டுக் கையைச் சுட்டுக்கொண்டேன். நம்பாமல் பாட்டிலிலிருந்து ஒரு சொட்டு விட்டேன். தோசைக்கல்லில் தெளித்த மாதிரி சுர்ரென்றது. டியூபில் ஆணிக்குத்து இல்லை. ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்து வாயைப் பிளந்திருந்தது.

நீ பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வருடா வருடம் நடத்தும் பாடம்தான் இது. நூறு கிலோ ஆயிரம் மீட்டர் இறங்கினால் கிட்டத்தட்ட பத்து லட்சம் ஜூல். மூன்று லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கிற சூடு. காற்று கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். மிச்சம் முழுவதும் பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும்தான் போகவேண்டும். அதைப் பாதித் தூரத்துக்கு ஒற்றை ரிம்மின் தலையில் கட்டினேன். உள்ளே காற்று சூடேறி விரிய, டியூப் தாங்கவில்லை. செய்ய வேண்டியது என்ன? நேர் சாலையில் கொஞ்சம் ஓடவிட்டுக் காற்றுக்கு அதன் பங்கைக் கொடுக்க வேண்டும். வளைவுக்கு முன்னால் இரண்டு பிரேக்கையும் சேர்த்து அழுத்தி, வேகம் குறைந்ததும் விட்டுவிட வேண்டும். சுமை வண்டி என்றால் நாலு வளைவுக்கு ஒருமுறை நின்று ரிம்மைத் தொட்டுப் பார்க்க வேண்டும். இவ்வளவுதான்.

ஒன்று சொல்லவேண்டும், நியாயமாக. வெடித்தது முன்சக்கரமாக இருந்தால் ஹாண்டில் என் கையில் நின்றிருக்காது. உன் உபதேசம்தான் டியூபை வெடிக்க வைத்தது; பின்சக்கரமாகப் பார்த்து வெடிக்க வைத்ததும் அதுதான். உன்னைத் திட்டுவதா கும்பிடுவதா என்று தெரியவில்லை.

இப்போது உன் லடாக் லே திட்டத்துக்கு வருகிறேன். மணாலியிலிருந்து சைக்கிளில் லே போகலாம், ஓய்வு பெற்றதும் கிளம்பலாம் என்று எழுதியிருக்கிறாய். எனக்கும் ஆசைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சாலையில் கட்டா என்ற இடத்துக் கொண்டை ஊசி வளைவுகள் மட்டும் இருபத்தொன்று. தங்லங் லா கணவாய் 5,328 மீட்டர். அந்த உயரத்தில் மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்ஸிஜன் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதி. மூவாயிரம் மீட்டர் தாண்டிவிட்டால் படுக்கும் இடத்தை ஒரு நாளைக்கு ஐந்நூறு மீட்டருக்கு மேல் உயர்த்தக்கூடாது. தலைவலியோடு மேலே போகவே கூடாது. நீ நாலாவது வளைவுக்காரன் என்பதை மறந்துவிடாதே. அதைவிட, ஒரு கணவாய் ஏறினால் ஒரு கணவாய் இறங்க வேண்டும். பின் பிரேக்கை மட்டும் பிடித்துக்கொண்டு நீ அங்கே இறங்குவதை நினைத்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

ஆகவே முதலில் இங்கே வா. இப்போது சென்னையிலிருந்து நேராகப் போடிக்கே ரயில் இருக்கிறது. உன் சைக்கிளையும் பார்சலில் போட்டுவிடு. மாசிக்குள் வந்தால் மழைத் தொல்லை இல்லை. இரண்டு நாள் ஏறுவோம், இரண்டு நாள் இறங்குவோம். முன்னால் என்ன பல் என்று எண்ணிவிட்டு வா. 42 என்றால் இங்கேயே கழற்றுகிறேன், ரோஷப்படாதே.

இந்தக் கடிதத்தை உன் வீட்டில் தங்கச்சியிடம் படித்துக் காட்டாதே. அவள் உடனே இங்கே போன் போடுவாள், ஏலக்காய்க் கதை அன்றோடு முடிந்துவிடும். உன் மேசை டிராயரிலும் வைக்காதே, போன தடவை அங்கிருந்துதான் மாட்டினோம்.

வாடகைச் சைக்கிள் கடைக்காரரைப் போன வாரம் சந்தையில் பார்த்தேன். தொண்ணூறை நெருங்குகிறார், கண் சரியாகத் தெரியவில்லை, குரலை வைத்துக் கண்டுபிடித்துவிட்டார். உன்னைத்தான் கேட்டார். இரண்டு மணி நேரத்துக்குச் சொல்லி எடுத்துப்போனதை இரவு எட்டு மணிக்குக் கொண்டுவந்து விட்டாயாம்.

உன்,
மச்சான்