புதுக் குதிரையைக் கூட்டத்தில் சேர்க்க ஒரு காலைப்பொழுது போதாது

மாதக் கட்டணத்துக்குப் பிறர் குதிரைகளை வைத்துப் பராமரிக்கும் லாயங்களின் மேலாளர்களுக்கு,

வணக்கம். குதிரைகளைக் கூட்டாக அவிழ்த்துவிட வேண்டும் என்பதில் நமக்குள் கருத்து வேறுபாடு இல்லை. நாள் முழுக்கக் கொட்டடியில் அடைபட்ட குதிரை கதவைக் கடிக்கும், நின்ற இடத்திலேயே ஆடிக்கொண்டிருக்கும். சிக்கல் சேர்க்கும் முறையில்தான். கொட்டடி ஒன்று காலியாகிறது. புதிதாக ஒன்று வருகிறது. மறுநாள் விடிந்ததும் பழைய கூட்டத்துக்குள் தள்ளிவிடுகிறார்கள். உதை வாங்கிக் கால் வீங்கினால், உதைத்ததற்கு 'முரட்டுக் குதிரை' என்று பட்டம்.

முதல் 21 நாள் புதியதற்குத் தனி இடம், தனி வாளி, தனி பிரஷ். காலையும் மாலையும் காய்ச்சல் பாருங்கள். 38.5 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலோ, தாடைக்கடியில் கட்டி தெரிந்தாலோ கால்நடை மருத்துவரைக் கூப்பிட வேண்டும். அடுத்த ஒரு வாரம் கூட்டத்துக்குப் பக்கத்துப் பேடக் (வேலியிட்ட திடல்). நடுவில் ஒற்றை வேலி போதாது. முகர்ந்து பார்த்துக் கிறீச்சிட்டு முன்னங்காலை வீசும்போது கால் கம்பிக்குள் மாட்டும். சில மீட்டர் இடைவிட்டு இரட்டை வேலி போடுங்கள். முள்கம்பி எங்குமே கூடாது. பிறகு கூட்டத்திலிருந்து சாதுவான ஒன்றை மட்டும் துணைக்கு விட்டு நான்கைந்து நாள் பழகவிட்டு, இரண்டையும் சேர்த்தே உள்ளே அனுப்புங்கள். துணைக்குத் தலைமைக் குதிரையை அனுப்பாதீர்கள். அதற்கு முன் பின்னங்கால் லாடங்களைக் கழற்றிவிடுங்கள். வெறுங்குளம்பின் உதை பெரும்பாலும் வீக்கத்தோடு போகும், லாடக்கால் உதை எலும்பை முறிக்கும்.

அடிபடுவது அதிகம் பேடக் வாசலில்தான். சைஸ் (குதிரைப் பராமரிப்பாளர்) உள்ளே வந்ததும் குதிரையைத் திருப்பி, அதன் முகம் கேட்டைப் பார்க்கும்படி நிறுத்த வேண்டும். எல்லாம் திரும்பி நின்ற பிறகு ஒரே நேரத்தில் கயிற்றைக் கழற்றிப் பின்னோக்கி நகர வேண்டும். முகம் திடலைப் பார்த்திருந்தால் விட்டதும் துள்ளி ஓடும். அந்தத் துள்ளலில் பின்னங்கால் ஆளின் நெஞ்சுயரத்துக்கு வரும். தீவன வாளியோடு உள்ளே நுழையவே கூடாது. திரும்பக் கொண்டுவரும்போது கடைசி இரண்டையும் ஒன்றாகக் கூட்டி வாருங்கள். தனியே விடப்பட்டது வேலியைத் தாண்டப் பார்க்கும்.

ஐந்து குதிரைக்கு ஏழு புல் குவியல், ஒன்றுக்கொன்று குறைந்தது 5 மீட்டர் தள்ளி. மணல் தரை என்றால் ரப்பர் பாய் விரித்து அதன் மேல் போடுங்கள். புல்லோடு போகும் மணல் குடலில் தங்கி வயிற்றுவலியாகும். தண்ணீர்த் தொட்டி இரண்டு, மூலையில் வேண்டாம். மூலையில் வைத்தால் ஆதிக்கக் குதிரை குறுக்கே நின்று மறிக்கும், மே மாத வெயிலில் அடிமட்டத்துக் குதிரை தாகத்தோடு நிற்கும். கொள்ளும் ஓட்ஸும் கொட்டடிக்குள் மட்டும்.

கிண்டி, பெங்களூரு பந்தயங்களிலிருந்து ஓய்வுபெற்று வருபவற்றுக்கு இன்னும் பொறுமை வேண்டும். சின்ன வயதிலிருந்தே தனிக் கொட்டடியில் வளர்ந்தவை. எதிரில் ஒன்று காதை மடக்கினால் விலக வேண்டும் என்றே சிலவற்றுக்குத் தெரியாது. விதையடித்ததை ஆறு வாரம் கழியாமல் பெட்டைகளோடு விடாதீர்கள், அதுவரை சினைப்படுத்தக்கூடும். மார்வாரி இன ஆண் குதிரைகளைக் காயடிக்காமலே பலர் வைத்திருக்கிறார்கள். அவற்றுக்குத் தனிப் பேடக், மற்றவை கண்ணில் படும்படி.

முதல் நாள் சத்தமும் மேலோட்டமான பல்தடமும் இருக்கும், பயப்பட வேண்டாம். ஒன்றை மட்டும் விடாமல் துரத்துவது, அது புல்லைத் தொடாமல் கேட்டருகிலேயே வியர்த்து நிற்பது, வாரக் கணக்கில் மெலிவது: இவற்றில் எதைக் கண்டாலும் வெளியே எடுத்து வேறு துணை தேடுங்கள்.

எங்கள் கோரிக்கை இரண்டு. எது எதோடு போகிறது என்று லாய வாசலில் பலகை எழுதி மாட்டுங்கள், விடுப்புக்கு மாற்றாக வரும் சைஸுக்கும் அது தெரிய வேண்டும். கூட்டத்தை மாற்றுமுன் அதிலுள்ள எல்லாக் குதிரைகளின் உரிமையாளர்களுக்கும் சொல்லுங்கள், புதிதாக வந்தவருக்கு மட்டுமல்ல.

இப்படிக்கு,
லாயங்களில் குதிரை விட்டிருப்போர்