மெகாபிட்டா, மெகாபைட்டா? பிரித்து எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் வீட்டு இணைய இணைப்புகள் பற்றி வந்த கட்டுரையில் பயனுள்ள விஷயங்கள் நிறைய இருந்தன. ஆனால் '100 எம்பி வேகம் இருந்தால் 1 ஜிபி படம் 10 விநாடியில் இறங்கிவிடும்' என்று ஒரு வரி இருந்தது. அது தவறு. எல்லாம் சரியாக அமைந்தாலும் 80 விநாடி ஆகும்.

தொலைத்தொடர்பு நிறுவனங்கள் வேகத்தை பிட்டில் சொல்கின்றன. கணினியோ கோப்பின் அளவை பைட்டில் காட்டுகிறது. 8 பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். ஆக, விநாடிக்கு 100 மெகாபிட் என்பது 12.5 மெகாபைட். ஆங்கிலத்தில் சின்ன 'பி' பிட்டுக்கும் பெரிய 'பி' பைட்டுக்கும் என்று எழுத்தைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். தமிழில் இரண்டையும் 'எம்பி' என்றே அச்சிட்டால் வாசகர் எதை வைத்துப் பிரித்துப் பார்ப்பார்?

காரைக்குடியில் கல்யாண வீடியோ எடுக்கும் தொழில் என்னுடையது. இங்கே பாதிக் குடும்பங்களுக்குப் பிள்ளைகள் சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ இருக்கிறார்கள். திருப்பூட்டுதல் (தாலி கட்டுவது) முடிந்த கையோடு, 'எல்லாத்தையும் இன்னைக்கே அனுப்பி விடுங்க' என்று கேட்பார்கள். 60 ஜிகாபைட் வீடியோவை 40 மெகாபிட் வேகத்தில் ஏற்றினால் 3 மணி 20 நிமிடம் ஆகும். அந்த 40-ஐ மெகாபைட் என்று நினைத்துக்கொள்பவர் 25 நிமிடத்தில் முடியும் என்று எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பார். அப்புறம் என்ன, தாமதத்துக்கு ஸ்டுடியோக்காரன்தான் காரணம் என்று ஆகிவிடும்.

பள்ளத்தூரில் ஒரு வீட்டுக்கு ஆல்பம் கொடுக்கப் போயிருந்தேன். முகப்பில் பேரனின் லேப்டாப்பில் ஒரு கோப்பு இறங்கிக்கொண்டிருந்தது. ஆச்சி அதைக் காட்டி, "தம்பி, 100ன்னு சொல்லித்தானே மாசாமாசம் காசு வாங்குறாங்க? இங்க 11தான் ஓடுது. மிச்சம் எங்க போச்சு?" என்று கேட்டார். இணைப்பு கொடுத்த பையனை ஏற்கெனவே கூப்பிட்டுக் கடிந்துகொண்டிருந்தார். திரையில் ஓடிய எண் 11.3. அது முழு வேகம். 100-ஐ 8-ஆல் வகுத்தால் 12.5 வருகிறது. தரவு மொத்தமாகப் போகாமல் 1500 பைட் பொட்டலங்களாகப் போகிறது. ஒவ்வொன்றுக்கும் அனுப்புநர், பெறுநர் முகவரி முதலிய சுமை உண்டு. பொட்டலங்களுக்கு இடையில் சிறு இடைவெளியும் விட வேண்டும். இதிலேயே 5 சதவீதம் போய்விடும். மீதி 11.87. பைட்டை மெகாபைட்டாக்க விண்டோஸ் 1000-ஆல் இரண்டு முறை வகுக்காமல் 1024-ஆல் இரண்டு முறை வகுத்துக் காட்டுவதால் அது 11.3 ஆகிறது. அந்தப் பையன் மேல் எந்தத் தவறும் இல்லை. காகிதத்தில் எழுதிக் காட்டியதும் ஆச்சி புரிந்துகொண்டார். தலைமுறை தலைமுறையாக வட்டிக் கணக்கில் ஊறிய குடும்பம், வகுத்தல் அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அலகு இரண்டு என்பதை மட்டும் அதுவரை யாரும் சொல்லியிருக்கவில்லை.

இந்த 1024 தனியாக ஒரு தலைவலி. கணினியின் நினைவகம் இரண்டின் அடுக்குகளில் அமைவதால் அங்கே 1024 பைட்டைக் கிலோபைட் என்று சொல்லும் பழக்கம் வந்தது. தொலைபேசித் துறையில் அப்படி இல்லை. ஒரு குரலை விநாடிக்கு 8000 முறை அளந்து, ஒவ்வொரு அளவையும் 8 பிட்டில் எழுதினால் 64,000 பிட். அதுதான் 64 கிலோபிட், துல்லியமாக ஆயிரக் கணக்கு. ஹார்டு டிஸ்க் நிறுவனங்களும் ஆயிரக் கணக்கில்தான் விற்கின்றன. அதனால்தான் 1 டெராபைட் டிஸ்கை விண்டோஸில் போட்டால் 931 ஜிபி என்று காட்டுகிறது. ஆப்பிள் கணினிகள் 2009 முதல் ஆயிரக் கணக்குக்கு மாறிவிட்டன, அவற்றில் அதே டிஸ்க் 1 டெராபைட் என்றே தெரியும். 1024 கணக்குக்கு கிபிபைட், மெபிபைட் என்று தனிப் பெயர்கள் 1998-லேயே வந்துவிட்டன. கடைத்தெருவில் ஒருவரும் அப்படிச் சொல்வதில்லை, உங்கள் இதழும் அவற்றைப் போட வேண்டும் என்று நான் கேட்கவில்லை.

பிட்டையும் பைட்டையும் குழப்புவதுதான் மக்களுக்கு நேரடி நஷ்டம். செல்போன் திட்டங்களைப் பாருங்கள். 'நாளுக்கு 2 ஜிபி, அதற்குப் பிறகு 64 கேபி வேகம்' என்று ஒரே வரியில் போடுகிறார்கள். முதல் எண் பைட், இரண்டாவது பிட். 64 கிலோபிட் என்பது விநாடிக்கு 8 கிலோபைட். 4 மெகாபைட் உள்ள ஒரு புகைப்படத்தை அனுப்ப 8 நிமிடத்துக்கு மேல் ஆகும். இதைத் தெரிந்துகொண்டு எத்தனை பேர் அந்தத் திட்டத்தை வாங்குகிறார்கள்?

இன்னொரு பக்கமும் இருக்கிறது. தேவகோட்டையில் என் வாடிக்கையாளர் ஒருவருக்கு 100 மெகாபிட் இணைப்பில், கேபிளை நேராகச் செருகிப் பார்த்தும், 4 மெகாபைட்டுக்கு மேல் ஓடவில்லை. புகார் செய்தார். 'அது பைட் கணக்கு சார், அப்படித்தான் காட்டும்' என்று பதில் வந்தது. அவரும் சரி என்று விட்டுவிட்டார். 4-ஐ 8-ஆல் பெருக்கினால் 32. அவருக்குக் கிடைத்தது மூன்றில் ஒரு பங்குதான். பொருந்தாத இடத்தில் சொல்லப்பட்ட உண்மை அவரை ஏமாற்றிவிட்டது. கணக்கு தெரிந்தவர் ஆச்சி வீட்டில் சண்டை போட மாட்டார், இந்த வீட்டில் விடவும் மாட்டார். என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: விளம்பரத்தில் உள்ள எண்ணை 9-ஆல் வகுங்கள், ஏறத்தாழ அந்த வேகம் திரையில் வர வேண்டும். கேபிள் வழியாகப் பார்த்தும் அதில் பாதிகூட வரவில்லை என்றால் விடாமல் கேளுங்கள்.

எனவே, இணைய வேகம் பற்றி எழுதும்போது 'எம்பி' என்று சுருக்காமல் மெகாபிட், மெகாபைட் என்று முழுதாக அச்சிடுங்கள். கட்டண அட்டவணை போடும்போது 'விநாடிக்கு 100 மெகாபிட்' என்பதற்குப் பக்கத்திலேயே 'சுமார் 11 மெகாபைட்' என்றும் போட்டால் படிப்பவர் கணக்குப் போட வேண்டியிருக்காது. சென்ற இதழின் அந்த 10 விநாடிக்கும் ஒரு திருத்தம் வெளியிடுங்கள். அதை நம்பி இந்த மாதம் புது இணைப்பு வாங்கப் போகிறவர்கள் இருப்பார்கள்.

இப்படிக்கு,
வீடியோ ஸ்டுடியோ நடத்தும் வாசகர்,
காரைக்குடி